கையால் தோட்டா நிரப்பும்போது வரும் கோளாறுகள்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

சுட்ட பித்தளை உறையை மறுபடி பயன்படுத்தி, வேட்டைத் துப்பாக்கிக்குக் கையால் தோட்டா நிரப்பப் பழகுகிறவர்கள், முதல் கோளாறு வந்ததும் வெடிமருந்தைத்தான் சந்தேகப்படுகிறார்கள். தராசைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள், மருந்தை மாற்றிப் பார்க்கிறார்கள். நான் பார்த்த கோளாறுகளில் பெரும்பாலானவை மருந்து டப்பாவைத் திறப்பதற்கு முன்பே தொடங்கியவை. பித்தளை உறையைச் சரியாக அளக்காததும், டையை (உறையை அழுத்தி அளவுக்குக் கொண்டுவரும் அச்சு) சரியாக வைக்காததும்தான் காரணமாக இருந்தன. அதனால் கீழே எந்த அறிகுறியைப் படித்தாலும் முதலில் உறையைக் கையில் எடுத்து நல்ல வெளிச்சத்தில் பாருங்கள்.

சொற்களை முதலில் ஒழுங்குபடுத்திக்கொள்வோம். தோட்டா என்பது முழுப் பொருள். அதன் நான்கு பாகங்கள் உறை, அதன் அடிக்குழியில் உட்கார்ந்து மருந்தைப் பற்றவைக்கும் ப்ரைமர், மருந்து, குண்டு. உறையின் மேல் பகுதி கழுத்து, அதற்குக் கீழே சரியும் பகுதி தோள், அடியில் தடித்திருக்கும் பகுதி தலை. இங்கே சொல்வதெல்லாம் போல்ட் வகை ரைஃபிளுக்கும் (பின்பக்கத்தைக் கையால் தாழ்ப்பாள்போல் மூடித் திறக்கும் பாகம்தான் போல்ட்), தோள் உள்ள பித்தளை உறைக்கும், புகையில்லா மருந்துக்கும் பொருந்தும். எடுத்துக்காட்டுக்கு .308 வின்செஸ்டர் என்ற தோட்டா வகையை வைத்துக்கொள்கிறேன்.

மருந்து எவ்வளவு என்ற எண் எதையும் இங்கே தர மாட்டேன். அது உங்கள் குண்டுக்கும் உங்கள் மருந்துக்கும் உரிய அச்சிட்ட கையேட்டிலிருந்து மட்டுமே வரவேண்டும். உங்கள் ஊரில் தோட்டா நிரப்புவதற்கு என்ன உரிமம் வேண்டும் என்பதையும் பிரஸ் (உறையை டைக்குள் தள்ளும் கைப்பிடிக் கருவி) வாங்குவதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள்.

இன்னொன்று. ஒரு கோளாறைத் தேடும்போது ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். டையையும் திருகி, குண்டையும் மாற்றி, மருந்தையும் குறைத்தால் தோட்டா சரியாகிவிடலாம். எது சரிசெய்தது என்பது தெரியாமலே போய்விடும், அடுத்த முறை அதே கோளாறு திரும்ப வரும்.

உறை டைக்குள் மாட்டிக்கொண்டது

பிரஸ்ஸின் கைப்பிடி பாதி வரை சுலபமாக இறங்கி, திடீரென்று கனக்கும். அந்த இடத்தில் நிறுத்த வேண்டும். ஆனால் புதிதாகச் செய்கிறவர் கை அங்கேதான் இன்னும் அழுத்தும். அப்புறம், உறையின் அடியைக் கவ்வியிருக்கும் ஷெல் ஹோல்டர் அதன் விளிம்பைப் பிய்த்துக்கொண்டு இறங்கிவிடும், உறை மேலேயே நிற்கும். எனக்கும் முதல் வாரத்திலேயே இது நடந்தது. சுத்தியலும் கம்பியும் வைத்துத் தட்டி, பழைய ப்ரைமரை வெளியே தள்ளும் டிகேப்பிங் தண்டையும் வளைத்து வைத்தேன். தட்டாதீர்கள். தண்டை முடிந்தவரை மேலே கழற்றிவிட்டு, ப்ரைமர் குழியின் வழியாகத் துளையிட்டு, மரை வெட்டி, ஒரு திருகாணியைத் திருகி இழுத்தால் உறை வந்துவிடும். இதற்கென்றே சின்ன கருவித் தொகுப்பு விற்கிறார்கள். துளையிடும் முன், உள்ளே ப்ரைமர் இல்லை என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

காரணம் கிட்டத்தட்ட எப்போதும் மசகு போதாததுதான். அதிலும் உறையின் கீழ்ப்பகுதி, தலைக்குச் சற்று மேலே. பித்தளை அங்கேதான் தடிப்பு, டையும் அங்கேதான் இறுக்கிப் பிடிக்கிறது. ஸ்ப்ரே வகை மசகு பயன்படுத்தினால், அதிலுள்ள ஆல்கஹால் ஆவியாகும்வரை சில நிமிடம் காத்திருக்க வேண்டும். ஈரமாக இருக்கும்போதே டைக்குள் தள்ளினால் மசகு பூசாதது மாதிரிதான். புதிய டையைத் துருத்தடுப்பு எண்ணெயோடு அப்படியே மாட்டுவதும் கூடாது, கழுவித் துடைத்துவிட்டு மாட்டுங்கள்.

இதற்கு நேர் எதிரான கோளாறும் உண்டு. தோளில் சின்னச் சின்னப் பள்ளங்கள் தெரிந்தால் மசகு அதிகம். அது வெளியேற வழியில்லாமல் பித்தளையை உள்ளே அமுக்கியிருக்கிறது. டையின் காற்றுத் துளை அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். மென்மையான பள்ளம் அடுத்த முறை சுடும்போது தானாக நிமிர்ந்துவிடும். கூர்மையாக மடிந்திருந்தால் அந்த உறையைத் தூக்கிப் போடுங்கள்.

தண்டு கழுத்தின் வழியே திரும்பி வரும்போது கிறீச்சென்று சத்தம் கேட்டால், கழுத்தின் உட்புறம் காய்ந்திருக்கிறது. தண்டிலுள்ள விரிக்கும் உருண்டை கழுத்தை இழுத்து தோளையும் முன்னே கொண்டுவந்துவிடும். பின்னால் போல்ட் மூடாமல் போவதற்கு இது ஒரு காரணம். தூரிகையால் கழுத்துக்குள் சிறிது உலர் மசகு தடவினால் போதும்.

வேலை முடிந்ததும் மசகைத் துடைத்து எடுத்துவிடுங்கள். வழுக்கும் உறை சுடும்போது அறையின் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) சுவரைப் பிடிக்காது, பின்னோக்கிய உந்துதல் முழுவதும் போல்ட்டின் மேல் விழும்.

டிகேப்பிங் பின் (தண்டின் நுனி ஊசி) உடைந்தது

உறைக்குள் விளக்கடித்துப் பாருங்கள். அடியில் நடுவில் ஒரே துளை இருந்தால் அது பாக்ஸர் வகை. ஓரமாக இரண்டு சின்னத் துளைகள் இருந்தால் பெர்டன் வகை. நடுவில் துளையே இல்லாததால் பின் பித்தளையில் மோதி உடைந்திருக்கிறது. இரண்டு வகைக்கும் 1866-ஆம் ஆண்டிலேயே காப்புரிமை வாங்கினார்கள். பெர்டன் அமெரிக்கர், பாக்ஸர் ஆங்கிலேயர். ஆனால் அமெரிக்காவில் நிலைத்தது பாக்ஸரின் முறை, ஐரோப்பிய ராணுவங்களில் பரவியது பெர்டனின் முறை. தொடங்குகிறவர் பெர்டன் உறைகளை ஒதுக்கி வைப்பதே நல்லது. இரும்பு உறையும் அலுமினிய உறையும் நமக்கு வேண்டாம்.

ப்ரைமர் எழும்பி நிற்கிறது, அல்லது தளர்வாக உட்காருகிறது

ப்ரைமர் உட்கார்ந்ததும் விரல் நுனியை உறையின் தலை மேல் தடவுங்கள். மட்டத்துக்குச் சற்றுக் கீழே, லேசான பள்ளமாக உணர வேண்டும். அங்குல அளவில் சொன்னால் ஆயிரத்தில் 3 முதல் 5 பங்கு. மேடாகத் தட்டுப்பட்டால் முதல் சந்தேகம், குழியின் அடியில் கரி. சுரண்டி எடுங்கள். அடுத்தது ராணுவ உறை. அவற்றில் ப்ரைமர் நகராதபடி குழியின் விளிம்பை அழுத்தி மடித்திருப்பார்கள். அந்த மடிப்பை வெட்டியோ விரித்தோ எடுக்காமல் புதிய ப்ரைமர் நேராக உள்ளே போகாது. பலம் கொடுத்துத் தள்ளினால் ப்ரைமர் நசுங்கும், வெடிக்கவும் கூடும். கண்ணாடி அணியாமல் இந்த வேலையைச் செய்யவே வேண்டாம்.

தோட்டாவை முழுக்க நிரப்பி முடித்த பிறகு ப்ரைமர் எழும்பியிருப்பது தெரிந்தால், அதை மறுபடி அழுத்த முயலாதீர்கள். குண்டைப் பிடுங்கிப் பிரித்துவிடுங்கள்.

ஒரு எதிர்ப்பும் இல்லாமல் ப்ரைமர் வழுக்கிக்கொண்டு உள்ளே போகிறதா? குழி விரிந்துவிட்டது. பல முறை சுட்ட உறை என்றால் அதன் ஆயுள் முடிந்தது என்று அர்த்தம். இரண்டாம் மூன்றாம் முறையிலேயே விரிந்தால் உங்கள் மருந்தளவு கூடுதல். கீழே 'சுட்ட பிறகு போல்ட் திறக்கக் கனக்கிறது' என்ற பகுதியைப் படிக்காமல் மேலே போகாதீர்கள்.

தராசு ஒரே அளவில் நிற்கவில்லை

மருந்தை கிரெய்ன் கணக்கில் நிறுக்கிறோம். ஒரு கிராமில் சுமார் 15.4 கிரெய்ன். பத்தில் ஒரு கிரெய்ன் என்பது ஆறேகால் மில்லிகிராம் சொச்சம்தான் என்பதால், மின்விசிறிக் காற்று போதும் எண்ணை ஆட்டிவிட. விசிறியை நிறுத்துங்கள், கைபேசியைத் தள்ளி வையுங்கள், மின்னணுத் தராசாக இருந்தால் போட்டு அரை மணி நேரம் சூடாக விடுங்கள். நிறுக்கத் தொடங்கும்போதும் நடுவிலும் முடிக்கும்போதும் சோதனை எடைக்கல்லை வைத்துப் பாருங்கள். முடிவில் எடைக்கல் தப்பாகக் காட்டினால், கடைசியாகச் சரியாகக் காட்டிய நேரத்துக்குப் பின் நிரப்பிய எல்லாமே சந்தேகத்துக்குரியவை.

பிளாஸ்டிக் புனலில் மருந்துத் துகள் ஒட்டிக்கொண்டு நின்றால் நிலைமின்சாரம். ஒட்டிய துகள் அடுத்த உறைக்குள் விழும். உலோகப் புனல் வாங்கிவிடுங்கள்.

குண்டு உட்கார மறுக்கிறது, அல்லது விரலால் தள்ளினாலே நகர்கிறது

குண்டு இறங்கும்போது செம்புச் சுருள் சீவிக்கொண்டு வந்தால் கழுத்தின் வாய் கூராக இருக்கிறது. உறையை வெட்டிய பிறகு வாயின் உள்விளிம்பை லேசாகச் சரிவாக்க மறந்திருப்பீர்கள். இரண்டு சுற்றுப் போதும். கத்தி முனை மாதிரி ஆக்கிவிடாதீர்கள்.

நகரும் குண்டு அதைவிடக் கவலை தரும் விஷயம். துப்பாக்கியின் பெட்டியிலிருந்து அறைக்கு ஏறும்போது குண்டு உள்ளே தள்ளப்பட்டால் உறைக்குள் இடம் குறையும், அழுத்தம் ஏறும். நிரப்பிய தோட்டாவின் மூக்கை மேசை விளிம்பில் கட்டைவிரல் பலத்தோடு அழுத்திவிட்டு, நீளத்தை மறுபடி அளந்து பாருங்கள். மாறக் கூடாது. மாறினால், விரிக்கும் உருண்டை தவறான அளவாக இருக்கலாம், அல்லது பல முறை சுட்டுக் கெட்டிப்பட்ட கழுத்து டையை விட்டு வெளியே வந்ததும் மறுபடி விரிந்துவிடுகிறது. கிரிம்ப் செய்து (உறையின் வாயைக் குண்டின் மேல் அமுக்கி) இறுக்கிவிடலாம் என்று தோன்றும். கழுத்தே பிடிக்காதபோது கிரிம்ப் அதைச் சரிசெய்யாது.

போல்ட் மூடவில்லை

ஆரம்பத்தில் எல்லோரையும் திணற வைப்பது இதுதான். அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதலில், மருந்தும் ப்ரைமரும் உள்ள தோட்டாவை வீட்டுக்குள் துப்பாக்கியில் போட்டுப் பார்க்காதீர்கள். சோதனைக்கென்று ப்ரைமரும் மருந்தும் இல்லாத ஒரு பொய்த்தோட்டா செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது டையில் அளவெடுத்த (அதாவது டைக்குள் அழுத்தி அளவுக்குக் கொண்டுவந்த) வெறும் உறையை, குண்டு இல்லாமல், அறைக்குள் போட்டு போல்ட்டை மூடுங்கள். இந்த ஒரு சோதனை காரணங்களைப் பாதியாகக் குறைத்துவிடும். வெறும் உறையே கனமாக மூடினால் கோளாறு அளவெடுத்ததில் இருக்கிறது. வெறும் உறை சுலபமாக மூடி, குண்டு வைத்த பிறகு மட்டும் கனத்தால் கோளாறு குண்டை வைத்ததில் இருக்கிறது.

வெறும் உறையே மூடவில்லை என்றால் நீளத்தை அளங்கள். .308 வின்செஸ்டருக்கு உறையின் அதிகபட்ச நீளம் 2.015 அங்குலம், அதாவது 51.18 மி.மீ. அதைத் தாண்டினால் 2.005 அங்குலத்துக்கு வெட்டுவார்கள். சுடும்போதும் டையில் போகும்போதும் பித்தளை முன்னோக்கி நகர்வதால் உறை நீளமாகிக்கொண்டே போகும். நீளமான உறையைப் போல்ட்டின் பலத்தால் திணித்து மூடிவிட முடியும் என்பதுதான் ஆபத்து. கழுத்தின் வாய் அறையின் முனையில் நெருக்குண்டு குண்டை இறுக்கிப் பிடிக்கும். விரிந்து விடுவிக்க இடமில்லாததால் அழுத்தம் எகிறும். ஆகவே அளவெடுத்த பிறகு ஒவ்வொரு உறையையும் அளக்க வேண்டும். அளவெடுக்கும் வேலையே நீளத்தைக் கூட்டுவதால், அதற்கு முன் அளப்பதில் பயனில்லை.

நீளம் சரியாக இருந்தால், தோள் பின்னே தள்ளப்படவில்லை. இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. டையைச் சற்று மேலே வைத்து 'கொஞ்சமாக' அளவெடுத்தால் உறை முன்பைவிட இறுக்கமாகிவிடும். டை முதலில் உடலின் பக்கங்களை அமுக்குகிறது. அமுங்கிய பித்தளைக்கு வேறு வழியில்லாமல் தோளை முன்னே தள்ளுகிறது. டை இன்னும் கீழே இறங்கித் தோளைத் தொட்ட பிறகுதான் தோள் பின்வாங்கும். இதை அறியாதவர் 'நேற்றுச் சுட்ட உறை அப்படியே போட்டால் மூடுகிறது, டையில் போட்டு எடுத்தால் மூடவில்லையே' என்று குழம்புவார். டையை எட்டில் ஒரு சுற்றுக்கும் குறைவாகக் கீழே இறக்கி, ஒவ்வொரு முறையும் மூடிப் பாருங்கள். தோள் நிற்கும் இடத்தை அளக்கும் கம்பரேட்டர் இருந்தால், சுட்ட உறையின் தோளைவிட அங்குலத்தில் ஆயிரத்தில் 2 பங்கு, சுமார் 0.05 மி.மீ., பின்னே இருந்தால் வேட்டைக்குப் போதும். அதற்கு மேல் தள்ளினால் வேறொரு கோளாறு வரும். அதைப் பளபளக்கும் வளையம் பற்றிய பகுதியில் சொல்கிறேன்.

குண்டு வைத்த பிறகு மட்டும் மூடவில்லை என்றால், ஒரு கறுப்பு மார்க்கர் பேனாவை எடுங்கள். பொய்த்தோட்டாவின் குண்டு, கழுத்து, தோள் எல்லாவற்றிலும் மை பூசி, காய விட்டு, அறைக்குள் போட்டு மெல்ல மூடித் திறங்கள். எங்கே மை உரிந்து பித்தளை மினுக்குகிறதோ அங்கேதான் இடிக்கிறது. குண்டின் வளைவில் ஒழுங்கான இடைவெளியில் நாலைந்து சின்ன நீள்கீறல்கள் தெரிந்தால் குண்டு குழலுக்குள் சுருளாக ஓடும் ரைஃப்லிங் வரிகளில் முட்டுகிறது. இன்னும் ஆழமாக வையுங்கள், ஆனால் கையேடு சொல்லும் நீளத்துக்குக் கீழே போகாதீர்கள். தோளுக்கும் உடலுக்கும் சேரும் மூலையில் சுற்றிலும் ஒரு வளையமாக மை போயிருந்தால், குண்டு வைக்கும் டையை அதிகமாக இறக்கி, அதிலுள்ள கிரிம்ப் விளிம்பு உறையை மேலிருந்து அமுக்கி, தோளைப் புடைக்க வைத்திருக்கிறது. கண்ணுக்கு இந்தப் புடைப்பு தெரியவே தெரியாது, மை காட்டிக்கொடுக்கும். டையை ஒரு முழுச் சுற்று மேலே தூக்கிவிட்டு, குண்டின் ஆழத்தை நடுத்தண்டால் மட்டும் சரிசெய்யுங்கள்.

விசையை இழுத்தேன், சுடவில்லை. அல்லது சத்தம் வழக்கம்போல் இல்லை

ஒன்றும் நடக்கவில்லை என்றால் துப்பாக்கியின் வாயை அதே பாதுகாப்பான திசையில் வைத்தபடி முழுதாக ஒரு நிமிடம் காத்திருங்கள். சில தோட்டாக்கள் தாமதமாக வெடிக்கும், போல்ட் திறந்திருக்கும்போது அது நடக்கக் கூடாது. பிறகு எடுத்து ப்ரைமரைப் பாருங்கள். ப்ரைமரை அடிக்கும் ஊசியின் தழும்பு ஆழமில்லாமல் இருந்தால் பெரும்பாலும் ப்ரைமர் மேடாக இருந்திருக்கிறது. ஊசியின் முதல் அடி அதை உட்கார வைப்பதிலேயே செலவாகிவிட்டது. தோளை அளவுக்கு மேல் பின்னே தள்ளிய உறையும் இப்படிச் செய்யும், ஏனென்றால் ஊசி அடிக்கும்போது உறை முன்னே நழுவும். தழும்பு ஆழமாக இருந்தும் வெடிக்கவில்லை என்றால் எண்ணெயோ மசகோ ப்ரைமருக்குள் போயிருக்கலாம்.

'டப்' என்று மெல்லிய சத்தம் மட்டும் கேட்டதா? உதைப்பே இல்லையா? அன்றைக்குச் சுடுவது அதோடு நின்றது. உறைக்குள் மருந்து இல்லாமலோ மிகக் குறைவாகவோ இருந்திருக்கிறது, குண்டு குழலுக்குள் சிக்கி நிற்கலாம். அடுத்த தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் பிளக்கும். போல்ட்டைக் கழற்றி, பின்பக்கத்திலிருந்து குழல் வழியே வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். சிக்கிய குண்டைச் சுட்டுத் தள்ளப் பார்க்காதீர்கள், துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

இது நடக்காமலிருக்க ஒரு பழக்கம் போதும். மருந்து ஊற்றிய உறைகளையெல்லாம் மரப்பலகையின் குழிகளில் நிற்க வைத்து, குண்டு வைப்பதற்கு முன் டார்ச் விளக்கைச் சாய்த்துப் பிடித்து வரிசையாகப் பாருங்கள். எல்லாவற்றிலும் மருந்து ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். ஒன்று மட்டும் இருட்டாக ஆழமாகத் தெரிந்தால் அது காலி. ஒன்று மட்டும் மேலே எழும்பியிருந்தால் இரண்டு முறை ஊற்றியிருக்கிறீர்கள். ரைஃபிள் உறையில் இரண்டு மடங்கு மருந்து பெரும்பாலும் பொங்கி வழிந்து காட்டிக்கொடுக்கும், ஆனால் குறைவாக ஊற்றும் வேக மருந்துகளில் அப்படி வழியாமலும் போகலாம்.

சுட்ட பிறகு போல்ட் திறக்கக் கனக்கிறது

நிறுத்துங்கள். அந்தத் தொகுதியில் மிச்சமிருப்பதைச் சுட வேண்டாம்.

சுடும்போது பித்தளை விரிந்து அறையின் சுவரில் ஒட்டி வாயுவைத் தடுக்கிறது, அழுத்தம் இறங்கியதும் சற்றுச் சுருங்கி விடுபடுகிறது. அழுத்தம் எல்லை மீறினால் அந்தச் சுருக்கம் நடப்பதில்லை. .308 வின்செஸ்டருக்கு அமெரிக்கத் தொழில்துறை அமைப்பான சாமி வகுத்திருக்கும் உச்ச சராசரி அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. போல்ட் கனக்கும்போது பெரும்பாலும் அதைத் தாண்டியிருப்பீர்கள். அதாவது இந்த அறிகுறி முன்கூட்டிய எச்சரிக்கையே இல்லை, தாமதமாக வரும் செய்தி.

உறையின் தலையைப் பாருங்கள். போல்ட்டின் முகப்பில், உறையை வெளியே தள்ளும் எஜெக்டர் இருக்கும் துளையின் வட்டமோ அரைவட்டமோ பளபளப்பான தடமாகப் பதிந்திருந்தால், பித்தளை அந்தத் துளைக்குள் பிதுங்கியிருக்கிறது. இது நம்பத்தக்க சாட்சி. ப்ரைமர் தட்டையாக இருப்பதை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். தோளை அதிகம் தள்ளிய உறையிலும் ப்ரைமர் தட்டையாகும், மென்மையான உலோகத்தாலான ப்ரைமர் சாதாரண அழுத்தத்திலேயே தட்டையாகும். ஊசித் தழும்பைச் சுற்றி எரிமலை வாய்போல் விளிம்பு எழுவதும் ஊசித்துளை பெரிதாக இருந்தால் வரும். இரண்டு மூன்று சாட்சிகள் சேர்ந்தால் சந்தேகமே வேண்டாம்.

காரணத்தைத் தேடும்போது மருந்தின் எடையோடு நின்றுவிடாதீர்கள். உறையின் பிராண்டை மாற்றினீர்களா? ராணுவ உறைகளில் பல தடிப்பானவை, உள்ளே இடம் குறைவு, அதே மருந்துக்கு அழுத்தம் அதிகம். வலுவாகப் பற்றவைக்கும் மேக்னம் ப்ரைமர் போட்டீர்களா? ஈயம் இல்லாத முழுச்செம்புக் குண்டுக்கு, அதே எடையுள்ள சாதாரணக் குண்டின் அளவைப் பயன்படுத்தினீர்களா? முழுச்செம்புக் குண்டு அதே எடைக்கு நீளமானது, வரிகளில் ஏறும்போது எதிர்ப்பும் வேறு. அதற்கு அதன் கையேடுதான் வேண்டும். தோட்டாப் பெட்டி வெயிலில் நின்ற காருக்குள் கிடந்ததா? சூடான மருந்து வேகமாக எரியும். குளிர்ந்த காலையில் எல்லையை ஒட்டி நிரப்பிய தோட்டா வெயிலில் எல்லை தாண்டும்.

டப்பாவின் பெயரையும் எழுத்தெழுத்தாகப் படியுங்கள். ஐ.எம்.ஆர். 4831, ஹெச் 4831 இரண்டும் ஒரே எண்ணைத் தாங்கிய வெவ்வேறு மருந்துகள், ஒன்றின் அளவு மற்றதற்குச் செல்லாது. 4895-இலும் இதே கதைதான். மேசை மேல் ஒரு நேரத்தில் ஒரு டப்பாதான் இருக்க வேண்டும் என்று அனுபவசாலிகள் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

காரணம் எதுவானாலும் திரும்பப் போக வேண்டிய இடம் கையேட்டின் தொடக்க அளவு. கையேட்டில் உச்ச அளவு மட்டும் இருந்தால் அதிலிருந்து 10 சதவிகிதம் குறைத்துத் தொடங்குவது வழக்கம். ஆனால் பயத்தில் அதற்கும் கீழே போகாதீர்கள். மெதுவாக எரியும் மருந்தை மிகக் குறைவாக ஊற்றி, பெரிய உறையில் பாதி காலியாக விட்டுச் சுட்டதில் துப்பாக்கிகள் உடைந்திருக்கின்றன. கையேட்டின் கீழ் எல்லையும் எல்லைதான்.

குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் இருந்தால் இன்னும் நல்லது. கையேட்டின் குழல் நீளமும் உங்களுடையதும் ஒன்றாக இருந்து, உங்கள் குண்டு அதன் உச்ச வேகத்தைவிட வேகமாகப் போகிறது என்றால், நீங்கள் அந்த உச்ச அழுத்தத்தைத் தாண்டிவிட்டீர்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். வேகம் இலவசமாக வராது.

சுட்ட உறையின் அடிப்பக்கம் பளபளக்கும் வளையம்

தலைக்குச் சற்று மேலே, உடலைச் சுற்றி ஒரு மெல்லிய வெளிர் கோடு. இதைத் தவறவிட்டால் அடுத்த முறையோ அதற்கடுத்த முறையோ உறை அங்கேயே இரண்டாகப் பிரியும், சூடான வாயு முகத்தை நோக்கி வரலாம்.

டை உரசியதால் வரும் கோடும் இப்படித்தான் தெரியும். பிரித்தறிய ஒரு பேப்பர் கிளிப் போதும். அதை நிமிர்த்தி, நுனியில் இரண்டு மி.மீ. அளவு செங்குத்தாக மடித்து, மடித்த முனையைத் தேய்த்துக் கூராக்குங்கள். கழுத்து வழியாக உள்ளே விட்டு, அடியைத் தொட்டு, சுவரோடு அழுத்தியபடி மெல்ல மேலே இழுங்கள். நல்ல உறையில் வழுக்கிக்கொண்டு வரும். வளையம் உள்ள இடத்தில் முனை ஒரு பள்ளத்தில் விழுந்து தட்டினால், சுவர் உள்ளே மெலிந்துவிட்டது. முதல் தடவையிலேயே விரலுக்கு அது தெரிந்துவிடும். அந்த உறையை இடுக்கியால் நசுக்கி எறியுங்கள், யாரும் எடுத்துப் பயன்படுத்தாதபடி. அதே தொகுதியில் அதே எண்ணிக்கை சுட்ட மற்ற உறைகளையும் ஒவ்வொன்றாகச் சோதியுங்கள்.

ஏன் வருகிறது? தோளை அதிகமாகப் பின்னே தள்ளிவிட்டால் அறைக்குள் உறைக்கு முன்னும் பின்னும் ஆட இடம் கிடைக்கும். ஊசி அதை முன்னே தள்ளுகிறது. அழுத்தம் ஏறும்போது உறையின் மெல்லிய முன்பகுதி சுவரில் ஒட்டிக்கொள்கிறது, தடித்த தலை மட்டும் பின்னே போல்ட்டைத் தொடும்வரை நகர்கிறது. நடுவிலுள்ள பித்தளை அந்தத் தூரத்துக்கு இழுபடுகிறது. ஒவ்வொரு முறையும் தோளைத் தள்ளி, ஒவ்வொரு முறையும் இழுத்தால், கம்பியை மடக்கி மடக்கி ஒடிப்பது போலத்தான். டையை ஷெல் ஹோல்டரில் முட்டும்வரை இறக்கி மேலும் கால் சுற்று இறக்கு என்று டையோடு வரும் தாளில் எழுதியிருக்கும். அது எந்தத் துப்பாக்கியிலும் மூட வேண்டும் என்பதற்காகச் சொல்வது. உங்கள் ஒரே துப்பாக்கிக்கு அவ்வளவு தேவைப்படாது.

கழுத்தில் கரி, கழுத்தில் விரிசல்

கழுத்தில் மட்டும் கரி படிவது இயல்பு. தோளைத் தாண்டி உடல் வரை கரி ஓடினால் அழுத்தம் குறைவு, உறை சுவரில் ஒட்டும் முன்பே வாயு பின்னே கசிந்திருக்கிறது. கழுத்தில் விரிசல் என்றால் பித்தளை கெட்டிப்பட்டுவிட்டது. விரிசல் விட்டதை எறிந்துவிட்டு, மிச்சத்தின் கழுத்தைச் சூடாக்கிப் பதப்படுத்தினால் ஆயுள் நீளும். சூடு தலைப்பக்கம் இறங்கவே கூடாது. தலை இளகிய உறை வெடிகுண்டுக்குச் சமம், அதனால் முறையாகக் கற்றுக்கொள்ளாமல் அடுப்பில் காட்டாதீர்கள்.

குண்டுகள் இலக்கில் சிதறுகின்றன

தோட்டாவைத் தொடும் முன், தொலைநோக்கி வளையங்களின் திருகுகளையும் துப்பாக்கியைக் கட்டையோடு பிணைக்கும் திருகுகளையும் சோதியுங்கள். ஒரு மாதம் முழுக்க நான் குண்டின் ஆழத்தை மாற்றி மாற்றிப் பார்த்தேன். கடைசியில் முன் வளையத்தின் ஒரு திருகு தளர்ந்திருந்தது. நன்றாகச் சுடும் என்று உங்களுக்குத் தெரிந்த கடைத் தோட்டாவை ஐந்து சுட்டுப் பாருங்கள். அதுவும் சிதறினால் பழி உங்கள் தோட்டா மேல் இல்லை.

துளைகள் மேலும் கீழுமாக நீண்டு வரிசை கட்டினால் வேகம் சீராக இல்லை. மருந்தின் எடை, கழுத்தின் பிடிப்பு, பல பிராண்டு உறைகள் கலந்திருப்பது ஆகியவற்றைப் பாருங்கள். முதல் மூன்று ஒன்றாக விழுந்து அப்புறம் ஒரு பக்கமாக நகர்ந்தால் குழல் சூடாகிறது. வேட்டைத் துப்பாக்கியின் மெல்லிய குழல் அப்படித்தான், ஆற விட்டுச் சுடுங்கள்.

குறையொன்றும் தெரியவில்லை, ஆனால் சந்தேகம் மட்டும் இருக்கிறது

நிரப்பும்போது யாரோ கூப்பிட்டார்கள், திரும்பி வந்ததும் எந்த உறையில் விட்டோம் என்று நினைவில்லை. அல்லது பெட்டியில் சீட்டு இல்லை. இதையும் ஒரு கோளாறாகவே எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டாவை எடை போட்டுக் கண்டுபிடிக்கலாம் என்று பார்த்தால், உறைகளின் எடை வேறுபாடே மருந்தின் வேறுபாட்டை மறைத்துவிடும். பிரித்துவிடுவதுதான் வழி.

குண்டு பிடுங்கும் சுத்தியலில் தோட்டாவை மாட்டி, கண்ணாடி அணிந்து, கெட்டியான மரக்கட்டையின் மேல் தட்டுங்கள். தட்டுவதற்கு அதோடு வந்த பிடிப்பானையே பயன்படுத்துங்கள், பிரஸ்ஸின் ஷெல் ஹோல்டரை மாட்டக் கூடாது. குண்டு விழும், மருந்து கொட்டும். குண்டையும் உறையையும் மறுபடி பயன்படுத்தலாம். அந்த மருந்தை மட்டும், பார்க்க அதேபோல் இருந்தாலும், டப்பாவுக்குள் திருப்பி ஊற்றாதீர்கள். திறந்த வெளியில் புல் மேல் மெல்லிசாகத் தூவிவிடுங்கள், அதிலுள்ள நைட்ரஜன் செடிக்குப் போகும். பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், ப்ரைமர் கரியில் ஈயம் இருக்கிறது. மறுபடி நிரப்பும் பெட்டிக்குள் தேதி, உறை, எத்தனையாவது முறை, ப்ரைமர், மருந்தின் முழுப் பெயர், எடை, குண்டு, நீளம் எல்லாம் எழுதிய சீட்டைப் போட்டு மூடுங்கள்.